பேக்கரிக்காரனுக்குக் காலை எட்டு மணி

என் கையில் ஊசி வலிக்காது. இதை நானாகச் சொல்லிக்கொள்வதில்லை, எங்கள் ஆய்வகத்துக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிற ஆட்கள்கூட என் முன்னால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள். பேச்சு முடிவதற்குள் குழாய் நிறைந்திருக்கும். என்னோடு வேலை செய்கிறவர்கள் எனக்குக் கொசு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கொசுவாவது குடித்துவிட்டுப் போன பிறகு அரிக்கும், நீங்க அதுகூட இல்லையேக்கா என்பாள் ரிசப்ஷனில் இருக்கிற பெண். நானும் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். ஆனால் ஒன்றை முன்னாலேயே தெளிவாக்கிவிட வேண்டும். என் தம்பியின் எந்த ரிப்போர்ட்டிலும் நான் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. வேறு யாருடைய ரத்தத்தையும் அவன் பெயரில் வைக்கவில்லை. பழைய பதிவுகளையெல்லாம் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்தாலும் உங்களுக்கு ஒரு பொய் அகப்படாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள் நான் இல்லை. பூசணிக்காய் தட்டின் நடுவிலேயே கிடந்தது. பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்வது.

தம்பிக்குப் பேக்கரியில் வேலை. ஊர் படுக்கப் போகிற நேரத்தில் இவன் மாவு பிசையப் போவான். ஊர் எழுந்து ரொட்டி வாங்க வரும்போது இவன் வீட்டுக்குப் போய்ப் படுப்பான். படிப்பை விட்ட நாளிலிருந்து அதே பிழைப்பு. அம்மா செத்தபோது அவன் மூன்றாம் வகுப்பில் இருந்தான், நான் வேலை தேடிக்கொண்டிருந்தேன். அப்பாவைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அவரும் எங்களைப் பற்றி வெளியில் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. என்னைப் பெண் கேட்டு வந்தவர்களில் ஒருவர், தம்பியை ஏதாவது ஹாஸ்டலில் சேர்த்துவிடலாமே என்றார். காபியைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்றேன். அதற்குப் பிறகு வந்தவர்களுக்குக் காபியும் கொடுக்கவில்லை. கொஞ்ச காலத்தில் வருவதும் நின்றுபோயிற்று.

பிறகு அவன் கல்யாணம் செய்துகொண்டான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிற பெண். நல்ல பெண்தான். நாத்தனார் கொடுமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள், நான் அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. கல்யாணமான புதிதில் வாரம் தவறாமல் இரண்டு பேரும் வந்தார்கள். அப்புறம் மாதம் ஒரு முறை. அப்புறம் போன். போனிலும், சாப்பிட்டியாக்கா, சரி வச்சிடுறேன், அவ்வளவுதான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். வாயும் வயிறும் வேறாக இருந்துவிட்டுப் போகட்டும். இருபது வருடம் ஒருத்தனை ஆளாக்கினவளுக்கு அவன் வீட்டு வாசல் விருந்தாளி வாசலாக ஆனால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டார்களா? எனக்கு வயிறு எரிந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்போதுதான் ஒரு நாள் தானாகவே வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"உடம்பே அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குக்கா. எதுலயும் மனசு ஒட்ட மாட்டேங்குது. வீட்டுல அவகிட்ட கூட..." என்று இழுத்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

பேக்கரியில் யாரோ டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஹார்மோன் அளவைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆண்களுக்கு அது குறைந்தால் இப்படி ஆகும் என்று. குறையலாம். ஆனால் அவன் குடியிருந்த வீட்டுக்குக் கீழே வெல்டிங் பட்டறை. பகலில் தூங்க வேண்டியவன் பகல் முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டு புரண்டுகொண்டிருந்தான். முதலில் வீட்டை மாற்றுடா, நன்றாகத் தூங்கு, ரத்தத்தை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. எங்கே ஆரம்பித்தது என்று உங்களுக்கு ஒரு இடம் வேண்டுமென்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பரிசோதனைக்குக் காலையில்தான் ரத்தம் எடுக்க வேண்டும். காரணம் கடிகாரம் இல்லை, தூக்கம். நன்றாகத் தூங்கும்போது அது ஏறும், எழுந்திருக்கிற நேரத்தில் உச்சத்தில் இருக்கும், பொழுது போகப் போக இறங்கும். இரவில் வேலை செய்கிறவனுக்கு, அவன் தூங்கி எழுகிற நேரம்தான் காலை. நான் அவனைக் காலை எட்டு மணிக்கு, பேக்கரியிலிருந்து நேராக வரச் சொன்னேன். விடிய விடிய அடுப்பு முன்னால் நின்றுவிட்டு, புருவத்தில் மாவோடு வந்து உட்கார்ந்தான். ஊருக்கு அது காலை. அவனுக்கு நடு ராத்திரி. எண் கீழ் எல்லைக்குக் கொஞ்சம் கீழே வந்தது.

ஹார்மோன் டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். காலையில் எடுத்ததுதானே என்று கேட்டார். எட்டு மணிக்கு எடுத்தேன் டாக்டர் என்றேன். என்ன வேலை என்று இவனைக் கேட்டார், பேக்கரி என்றான். டாக்டருக்குக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று கேக் விற்கிற ஆள்தான் மனதில் வந்திருக்கும். ஒரு தடவை பார்த்து முடிவு செய்யக் கூடாது, இன்னொரு நாளும் எடுத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். கவனமான மனிதர். நானும் கவனமாக இன்னொரு நாள் அதே எட்டு மணிக்கு எடுத்தேன். இரண்டாவது எண் முதல் எண்ணைவிடக் கீழே. ஹார்மோன் ஊசி எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் ஒன்று கேட்டார், குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று. தம்பி கூச்சப்பட்டு என் முகத்தைப் பார்த்தான். இப்போதைக்கு அவசரமில்லை டாக்டர் என்று நான்தான் சொன்னேன். எனக்கு அவசரமில்லை. யாருக்கு அவசரமில்லை என்று அவர் கேட்கவில்லை.

ஊசியின் சங்கதி இதுதான். வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டிருந்தால், போதுமான அளவு இருக்கிறதே என்று மூளை கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். விதைப்பைகள் கடையை இழுத்து மூடிவிடும். சொந்த ஹார்மோனும் சுரக்காது, விந்தணுவும் உண்டாகாது. தெரிந்துதான் செய்தாயா என்று கேட்கப்போகிறீர்கள். தெரியும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. எண்ணெய் மருந்து, மெதுவாக ஏற்ற வேண்டும், கண்டவர்கள் போட்டால் கட்டிக்கொள்ளும். அக்கா இருக்கும்போது வேறு யாரிடம் போவான்? ஊசிக்கு வருகிற நாளில் சமைத்து வைப்பேன். போட்டுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, அவனுடைய பழைய அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பான். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்பது போய், பகல் தூக்கத்துக்கே என் வீட்டுக்கு வர ஆரம்பித்தான். கொஞ்ச நாளில் முகம் தெளிந்தது, பழையபடி கிண்டல் பேசினான். ஊசி செய்த வேலையா, தூக்கம் செய்த வேலையா என்று எனக்குத் தெரியும். அவன் ஊசிதான் என்று நம்பினான். கேட்டவர்களிடமெல்லாம், எங்கக்கா கண்டுபிடிக்கலைன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது.

அவளுக்குத்தான் சந்தோஷமில்லை. குழந்தை உண்டாகவில்லை. இரண்டு வருடம் பார்த்துவிட்டு, அவனை ஒரு லேடி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். விந்தணு ஒன்றுகூட இல்லை என்று வந்தது. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று அந்த டாக்டர் தோண்டித் துருவிக் கேட்டிருக்கிறார். ஊசி என்று சொன்னதும், முதலில் அதை நிறுத்துங்கள் என்றாராம். உடம்பு தானாக எழும்ப ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம், நடுவில் எண் பாதாளத்துக்குப் போகும், உடம்பும் மனசும் படுத்தும், பயந்துபோய்த் திரும்ப ஆரம்பித்துவிடாதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறார். ஒரு வார்த்தை தப்பில்லாமல் சொல்லியிருந்தார். தம்பி வந்து சொன்னபோது, டாக்டர் சொன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும் என்றேன். நிறுத்தவும் செய்தான்.

ஐந்தாவது வாரம் வாசலில் வந்து நின்றான். படியேறக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தான். பேக்கரியில் ஒரு தட்டு ரொட்டி கருகிப்போனதற்காக எல்லார் முன்னாலும் அழுதிருக்கிறான். மூன்று வாரமாக அவளோடு பேசவில்லை, பேசினால் சண்டை என்றான். ஒரு தடவை பார்த்துவிடு அக்கா என்று கையை நீட்டினான். எடுத்துப் பார்த்தேன். முந்நூறாவது இருக்க வேண்டிய எண் நூறுக்கும் கீழே.

அந்த நேரத்தில் அவனிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான். கிணற்றின் அடி இதுதான்டா, இனிமேல் ஏறத்தான் செய்யும், பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நாள் இரு, நான் இருக்கிறேன். ஊசியை நிறுத்தி ஐந்தாவது வாரத்தில் எடுத்த எண்ணை வைத்து ஒருத்தனுக்கு ஊசி தேவையா இல்லையா என்று சொல்ல முடியாது. கால் கட்டைப் பிரித்த அன்றைக்கே ஓடச் சொல்லிப் பார்க்கிற மாதிரி. நான் ரிப்போர்ட்டை மேஜையில் வைத்து, நீயே பார் என்று மட்டும் சொன்னேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குன்னு உள்ள ஒண்ணுமே இல்லையாக்கா?" என்று கேட்டான்.

நான் ரிப்போர்ட்டை மடித்து அவன் பக்கம் நகர்த்தினேன்.

"அப்ப போட்டுரு. அவளுக்குத் தெரிய வேணாம்."

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றியும் இருக்கிறேன். இப்போது நீங்கள் கேட்பதால் சொல்கிறேன்.

மருந்துக் கடைக்காரருக்கு என்னைப் பல வருடமாகத் தெரியும், பழைய சீட்டைக் காட்டினால் போதும். லேடி டாக்டர் இடையிடையே ரத்தம் பார்க்கச் சொன்னார். ரத்தம் எங்கள் ஆய்வகத்தில்தான் எடுத்தோம். பரிசோதனை வருகிறது என்றால் ஊசியைக் கொஞ்சம் தள்ளிப் போடுவேன், மருந்து வடிந்து எண் இறங்கியிருக்கும். மூளையிலிருந்து வருகிற கட்டளை எப்படியும் சைபர். இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, இன்னும் எழும்பவில்லை, பொறுத்திருங்கள் என்பார் டாக்டர். எழும்பவில்லை என்பது உண்மைதானே.

அவள் பொறுத்திருந்தாள். அதைச் சொல்லாவிட்டால் பாவம். ஒவ்வொரு மாதமும் காத்திருந்தாள். ஒரு முறை கடையிலிருந்து நேராக என்னைப் பார்க்க ஆய்வகத்துக்கே வந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம், கூட்டமில்லை. ரத்தம் கொடுக்கிறவர்கள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணி, நீங்க தினம் இதப் பாக்குறவங்க. எங்கிட்ட மறைக்காம சொல்லுங்க. அவருக்கு இது எப்பவாவது சரியாகுமா? ஆகும்னா நான் எத்தனை வருஷம்னாலும் இருப்பேன்."

"நம்பர் என்ன சொல்லுதோ அதுதான்மா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். பையை எடுத்துக்கொண்டு போனவள், அந்த வருடமே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் நடந்துகொண்டதும் ஒரு காரணம். ஒளித்துச் செய்கிறவன் முகம் கொடுத்துப் பேசமாட்டான், இவனும் பேசவில்லை. அவள் என்னிடம் கோபித்துக்கொண்டு போகவில்லை. போகிற அன்றைக்கு, அவரப் பாத்துக்குங்க அண்ணி என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் பார்த்துக்கொண்டேன்.

தம்பி மூட்டை முடிச்சோடு என் வீட்டுக்கே வந்துவிட்டான். வாசலில் அவன் செருப்பு கிடந்தது, கொடியில் அவன் சட்டை காய்ந்தது. அந்த ஒன்றரை வருடம்தான் நான் மனுஷியாக வாழ்ந்தேன். அவன் அதிகம் பேசமாட்டான், ராத்திரி வேலைக்குப் போவான், காலையில் வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்குவான். அவளுடைய போட்டோவைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தான். உறை துவைக்கும்போது எடுத்து வைத்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைத்துவிடுவேன். அது அவன் சொந்த விஷயம்.

இந்த ஊசி ரத்தத்தைக் கெட்டியாக்கும். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உண்டாகும். ரத்தத்தில் அவற்றின் பங்கு நூற்றில் ஐம்பத்து நாலைத் தாண்டினால் ஊசியை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் ரத்தம் உறைந்து கட்டியாகி மூளைக்கோ இதயத்துக்கோ போகலாம். ஒரு நாள் அவன் முகம் செங்கல் நிறத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தேன். ஐம்பத்தெட்டு. குழாயைச் சாய்த்துப் பார்த்தேன், தேன் மாதிரி நகர்ந்தது. தலை கனக்குதுக்கா என்று அவனும் சொல்லிக்கொண்டிருந்தான். ரிப்போர்ட்டை யாரிடம் காட்டுவது? எந்த டாக்டரும் அந்தப் பரிசோதனையைக் கேட்கவில்லை. கேட்காத ரிப்போர்ட்டைக் கொடுக்கிற வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. வெயில் அதிகம், தண்ணீர் நிறையக் குடி என்றேன். அந்த வாரத்து ஊசியைப் போட்டேன்.

பல் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் விழுந்தான். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் ஓடி ஓடி வேலை பார்த்தார், பாவம், சாப்பிடக்கூட இல்லை. வீட்டில் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று என்னைக் கேட்டார். மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை என்றேன். சாப்பிடுவதில்லைதான். ரத்தம் இவ்வளவு கெட்டியாக இருக்கிறதே என்று ஒரு பை ரத்தத்தை உடம்பிலிருந்து வெளியே எடுத்துவிட்டு, மறுபடியும் இப்படி ஆகவிட்டால் இரண்டாவது தடவை வரும், அப்போது தாங்கமாட்டார் என்று தெளிவாகச் சொன்னார். நானும் தெளிவாகக் கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஊட்டிவிட்டேன், துடைத்துவிட்டேன், புரட்டிப் படுக்கவைத்தேன். சின்னப் பிள்ளையில் செய்ததுதான், கை மறக்கவில்லை. நாங்கள் இருவரும் நன்றாகத்தான் இருந்தோம். அப்புறம் யார் சொன்னார்களோ, அவள் வந்துவிட்டாள். கடை முடிந்ததும் தினமும் வருவாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணை வரவழைத்தாள். அவன் விரலை ஒவ்வொன்றாகப் பிடித்து மடக்கி நீட்டுவாள், கதை பேசுவாள், திட்டுவாள், அவனும் கோணல் வாயோடு சிரிப்பான். என்னிடம் அவன் சிரிக்கவில்லை. நான் ஊட்டினால் விழுங்குவான், அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் பெயரைச் சொன்னான். கீழ்த்தளத்தில், சத்தமில்லாத தெருவில் வீடு பார்த்திருக்கேன் அண்ணி, மாசம் பொறந்ததும் கூட்டிட்டுப் போறேன் என்றாள். என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்களும் வாங்க, எப்ப வேணா வந்து பாருங்க என்றாள். எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமாம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆமாம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் ஊசி போட்டேன். முன்பு இரண்டு வாரத்துக்கு ஒன்று, இப்போது வாரத்துக்கு ஒன்று. பாதி உடம்பு மரத்தவனுக்கு, மரத்த பக்கத்தில் போட்டால் தெரியாது. அவள் சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பழைய ஊசி விஷயத்தை ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொல்லி, வேறு ஆளை வைத்து, வேறு இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறாள். எப்போதோ நிறுத்தின மருந்து மேல் எல்லையைப் போல இரண்டு மடங்கு இருந்தால் சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள், அவளுக்குப் புரியாதா.

டாக்டர் எச்சரித்தது நினைவில் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. ரத்தம் மறுபடி கெட்டியாகும் என்று தெரிந்ததா? தெரிந்தது. அதற்காகத்தான் போட்டேன். நடக்கத் தெரிந்தால் அவன் போய்விடுவான். இன்னொரு முறை விழுந்தால் போகமாட்டான். செத்துவிடக் கூடும் என்றும் யோசித்தேன். செத்தாலும் என் வீட்டிலிருந்துதானே போவான் என்று நினைத்தேன். இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம், நான் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு எண்ணையும் மாற்றாதவள் ஒரு வார்த்தையையும் மாற்றிச் சொல்லமாட்டேன்.

ஆனால் அவள் உங்களிடம் ஒன்று சொல்லியிருக்கிறாள், அது மட்டும் சரியில்லை. நேற்று உங்கள் போலீஸ்காரர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பியபோது கட்டிலில் இருந்த தம்பி என் முகத்தைப் பார்த்து, போ என்று சொன்னதாகச் சொல்லியிருக்கிறாள். சொன்னான், நானும் கேட்டேன். தெளிவாகவே சொன்னான், இரண்டு முறை சொன்னான். ஆனால் பக்கவாதம் வந்தவர்களுக்கு வார்த்தைகள் இடம் மாறி வரும், ஒன்றை நினைத்துக்கொண்டு இன்னொன்றைச் சொல்வார்கள் என்று அந்தப் பயிற்சிப் பெண்ணே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அவன் வா என்றுதான் சொல்ல வந்தான்.